மேட்டுப்பாத்தி போட்டும் பெருச்சாளி விடவில்லை: கொடுங்கையூரிலிருந்து ஒரு கேள்வி

அரைகிரவுண்டு (கொடுங்கையூர்), 18 ஆகஸ்ட் 2024, இரவு 10:42

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் ஏப்ரலில் இரண்டு மேட்டுப்பாத்தி கட்டினேன். உள்ளளவு எட்டடி நீளம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி உயரம். சுற்றிலும் ஹாலோ பிளாக். உள்ளே செம்மண், மாட்டு எரு, கழுவிய தென்னை நார்க்கழிவு, கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு. எங்கள் தரை களிமண். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இங்கே முட்டி அளவு தண்ணீர் நின்றது, அதுவும் சாக்கடையோடு கலந்த தண்ணீர். குப்பை மேடும் தூரமில்லை. இந்த மண்ணில் கீரை போட்டுச் சாப்பிட மனம் வராததால்தான் வெளி மண் வாங்கி மேலே ஏற்றினேன்.

உயரத்தில் வைத்தால் எலி, பெருச்சாளித் தொல்லையும் குறையும் என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்துவிட்டேன். முள்ளங்கி இலை பச்சையாக நிற்கிறது, இழுத்தால் கிழங்கே இல்லை. நேற்று நன்றாக இருந்த கத்தரிச் செடி இன்று காலையில் சாய்ந்து கிடக்கிறது, வேரைக் காணோம். தக்காளி சிவக்க ஆரம்பித்தால் ஒரு பக்கம் கடித்துவிட்டு மீதியை மதில் மேல் வைத்துவிட்டுப் போகிறது ஏதோ ஒன்று. மிளகாயைக் கிழித்துப் போடுகிறது வேறு ஏதோ. பாத்தி ஓரத்தில் தினமும் புதுமண் குவியல். "இது தோட்டமா, பெருச்சாளிக்கு நீ நடத்துகிற மெஸ்ஸா?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.

பக்கத்து வீட்டில் எலி மருந்து வைக்கச் சொல்கிறார்கள். வீட்டில் நாலு வயதுக் குழந்தை இருக்கிறது. வேறு வழி சொல்லுங்கள்.

கீரைக்கட்டு (பெரம்பூர்), 18 ஆகஸ்ட், இரவு 11:05

இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் மூன்றையும் அரைத்துக் கரைத்து வாரம் இரண்டு முறை தெளியுங்கள். அணில் கிட்டே வராது. நான் மொட்டை மாடியில் இப்படித்தான் சமாளிக்கிறேன்.

பழையமண்வெட்டி (மாதவரம்), 19 ஆகஸ்ட், காலை 5:50

அம்மா, மருந்து பக்கம் போகாமல் இங்கே வந்து கேட்டதே நல்லது. முதலில் திருடன் யார் என்று பார்த்துவிடுவோம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஒருவன் இல்லை, மூன்று பேர்.

கிழங்கையும் வேரையும் தின்பது பெருச்சாளி. அது மேலே ஏறி வரவில்லை. உங்கள் பாத்திக்கு அடித்தளம் கிடையாது, அடியிலிருந்து துளைத்து வருகிறது. வளை வாயில் மண் குவிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். தக்காளியைக் கடித்து மதில் மேல் வைப்பது அணில், பகல் வேலை. மிளகாயைக் கிழிப்பது பச்சைக்கிளி. மேலே பெரம்பூர் அம்மா சொன்ன கரைசல் அணிலுக்கு ஓரளவு உறைக்கும், மழை பெய்யும் வரை. கிளிக்குச் சுத்தமாக உறைக்காது. பறவைகளுக்கு மிளகாய்க் காரம் தெரிவதே இல்லை, அதனால்தான் அது மிளகாயையே தின்கிறது.

இன்று சாயங்காலம் ஒரு வேலை செய்யுங்கள். கண்ணில் படும் வளைகளையெல்லாம் மண் போட்டு மிதித்து மூடுங்கள். நாளைக் காலை எது எது திறந்திருக்கிறதோ அதில்தான் ஆள் இருக்கிறது. மற்றவை பழைய வளை. பத்து ஓட்டை பார்த்துப் பயந்துவிடாதீர்கள், குடித்தனம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

இன்னொன்று. கீச்கீச்சென்று கத்திக்கொண்டு, கூர்மூக்கோடு, ஒரு மாதிரி நாற்றமடித்துக்கொண்டு சுவர் ஓரமாக ஓடுகிறதே, அது மூஞ்சூறு. அது கரப்பான், பூச்சி தின்கிற ஜீவன். காய்கறிக்கு எதிரி இல்லை. கூண்டில் விழுந்தால் திறந்து விட்டுவிடுங்கள்.

ஒரு சந்தேகம்: பாத்தியில் மீன் கழிவு ஏதாவது புதைத்தீர்களா?

அரைகிரவுண்டு, 19 ஆகஸ்ட், காலை 9:15

ஐயா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! ஜூனில் காசிமேட்டிலிருந்து மீன் தலை, குடல் எல்லாம் ஒரு பக்கெட் வாங்கி வந்து கத்தரிக்கு அடியில் ஒரு அடி ஆழத்தில் புதைத்தேன். வீடியோவில் பார்த்துத்தான்.

பழையமண்வெட்டி, 19 ஆகஸ்ட், காலை 9:40

அப்புறம் என்ன, நீங்களே பத்திரிகை வைத்து அழைத்திருக்கிறீர்கள். ஒரு அடி ஆழம் நமக்குத்தான் ஆழம். அதன் மூக்குக்கு அது வாசற்படி. பெருச்சாளி, பூனை, நாய், மரநாய் எல்லாவற்றுக்கும் அந்த வாசம் போய்ச் சேர்ந்துவிடும். மீன் சத்து வேண்டுமென்றால் மீன் அமிலமாகச் செய்யுங்கள்: கழிவும் வெல்லமும் எடைக்கு எடை, மூடிய டப்பாவில் ஒரு மாதம் ஊறட்டும், வடிகட்டி லிட்டருக்கு அஞ்சாறு மில்லி. அதையும் மாலையில் ஊற்றாமல் காலையில் ஊற்றுங்கள், இரவுக்குள் வாசம் அடங்கிவிடும்.

சுடச்சுட (எர்ணாவூர்), 19 ஆகஸ்ட், பகல் 1:20

இவ்வளவு பேச்சு எதற்கு? பாத்தியைச் சுற்றி ஒரு ஒயர், வீட்டு லைனிலிருந்து ஒரு கனெக்ஷன். இரண்டு ராத்திரியில் தீர்ந்தது கதை.

நெட்டுபோல்ட் (வியாசர்பாடி), 19 ஆகஸ்ட், பகல் 1:32

நாலு வயதுக் குழந்தை இருக்கிற வீடு என்று மேலே எழுதியிருக்கிறார். படித்துவிட்டுத்தான் எழுதினீர்களா? ஈர மண், வெறுங்கால், வீட்டுக் கரண்ட். பன்றிக்கு வைத்த வேலியில் மனிதர் செத்து, வைத்தவர் ஜெயிலுக்குப் போன செய்தி வருடம் தவறாமல் வருகிறது. தயவுசெய்து அந்தப் பதிவை நீங்களே எடுத்துவிடுங்கள்.

சுடச்சுட, 19 ஆகஸ்ட், பகல் 2:10

சரி சரி, ஏதோ வாய் தவறிச் சொல்லிவிட்டேன். யாரும் செய்ய வேண்டாம். மற்றவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று பதிவை மட்டும் விட்டு வைக்கிறேன்.

நெட்டுபோல்ட், 19 ஆகஸ்ட், இரவு 9:30

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிரில் பட்டறை வைத்திருக்கிறேன், எங்கள் சந்தில் இதுவரை ஐந்து பாத்திக்குக் கம்பி வேலை செய்து கொடுத்திருக்கிறேன்.

அக்கா, உங்கள் பாத்தியில் இரண்டு குறை. ஒன்று ஐயா சொன்ன அடித்தளம். இன்னொன்று ஹாலோ பிளாக். அந்த ஓட்டைகளை மூடினீர்களா? மூடாவிட்டால் ஒவ்வொரு கல்லும் எலிக்கு ஒரு ரூம். மேல் வரிசை ஓட்டையில் மண்ணை அடைத்து, மேலே இரண்டு அங்குலம் சிமென்ட் கலவை போட்டு மூடிவிடுங்கள். ஜல்லித் துண்டு போட்டு அடைத்தாலும் சரிதான்.

அடித்தளத்துக்கு அரை அங்குலக் கட்டம் உள்ள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) வெல்டு மெஷ். கோழி வலை வேண்டாம். அறுகோணக் கண்ணியில் சின்ன எலி நுழைந்துவிடும், கம்பியும் மெல்லிசு, பெருச்சாளி கடித்துப் பிரித்துவிடும். நாலடி அகல ரோல் வாங்குங்கள். உள்ளளவு மூன்றடி என்பதால் இரண்டு பக்கமும் அரை அடி மேல்நோக்கி மடக்க மிச்சம் வரும். நீளத்திலும் அதே மாதிரி, ஆக ஒரு பாத்திக்கு 9 அடி. மூலையில் வெட்டி மடித்துக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு துண்டு சேர்க்க வேண்டி வந்தால் நாலு அங்குலம் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். சும்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த இடுக்கைத்தான் முதலில் கண்டுபிடிக்கும்.

பாத்திக்குள் இருக்கும் 36 கன அடி மண்ணையும் வெளியே எடுத்தால்தான் இது முடியும். குறுக்கு வழி இல்லை, கேட்காதீர்கள். கட்டும்போதே போட்டிருந்தால் அரை மணி நேர வேலை.

வலைக்காரன் (காசிமேடு), 20 ஆகஸ்ட், காலை 7:00

அடிக்கு மெஷ் சரி. மேலுக்கு எதற்குக் கம்பி? எங்கள் பக்கம் கழித்த வலை கிடைக்கும். தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் போகாது, அப்போது உட்கார்ந்து வலையெல்லாம் கிழிசல் பார்ப்போம். கழித்துப் போடுகிற துண்டு நிறைய இருக்கும். எடைக்குக் கொடுத்துவிடுவார்கள். வெயில், உப்பு எல்லாம் தாங்குகிற சரக்கு. மேலே போட்டு மூடினால் கிளியாவது காக்காவாவது.

சாரைக்காவல் (மணலி புதுநகர்), 20 ஆகஸ்ட், காலை 8:25

அண்ணே, கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தெருவில் ஒருவர் இப்படித்தான் பழைய வலையைச் செடி மேல் தூக்கிப் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் ஆறடிச் சாரைப்பாம்பு ஒன்று நுழைந்து, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் சிக்கிக் கிடந்தது. நூல் செதிலுக்குள் இறங்கிவிட்டது. கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டி எடுக்க முக்கால் மணி நேரம். அதற்கு முந்தைய வாரம் ஒரு ஓணானும் ஒரு தவிட்டுக்குருவியும் அதே வலையில் காய்ந்து கிடந்தனவாம், யாரும் கவனிக்கவில்லை.

சாரைக்கு விஷம் கிடையாது. பெருச்சாளி வளைக்குள்ளேயே போய்ப் பிடிக்கிற ஆள் அது. எந்தத் தோட்டத்தில் சாரை இருக்கிறதோ அந்தத் தோட்டக்காரர் எலி மருந்து வாங்க வேண்டாம். அதை வலையில் மாட்டிக் கொன்றுவிட்டுப் பெருச்சாளிக்கு மருந்து தேடுவது என்ன கணக்கு? சாரையும் நல்லபாம்பும் இணை சேரும், அதனால் சாரை வந்தால் பின்னாலேயே நாகம் வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு: நீங்கள் பார்த்தது இரண்டு ஆண் சாரைகள் பின்னிக்கொண்டு மல்லுக்கட்டுவதை. பாம்புகள் எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. அடிக்கக் கூடாது. வீட்டுக்குள் வந்தால் தீயணைப்புத் துறைக்கு 101.

வலைக்காரன், 20 ஆகஸ்ட், பகல் 12:15

தம்பி, வலையைக் குறை சொல்லாதே, போட்டவனைச் சொல். தொளதொளவென்று தொங்கினால் எதுவும் மாட்டத்தான் செய்யும், மீன் பிடிக்கவே அப்படித்தான் விடுகிறோம். மீன் மாட்டுகிற மாதிரி கட்டினால் பாம்பும் மாட்டும். மத்தளம் மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டினால் மாட்டாது.

இன்னொரு விஷயம், எந்த வலை என்று நானும் சொல்லாமல் விட்டுவிட்டேன், அது என் தப்புதான். தங்கூசி வலை, அதாவது ஒற்றை நைலான் இழையில் பின்னியது, வேண்டவே வேண்டாம். கண்ணுக்கே தெரியாது, குருவிக்கும் தெரியாது, இழுத்தாலும் அறாது. முறுக்கு நூலில் பின்னின கெட்டி வலை, சின்னக் கண்ணி, நிறம் இருக்க வேண்டும். விரல் நுழையாத கண்ணியாகப் பார்த்து எடுங்கள்.

சாரைக்காவல், 20 ஆகஸ்ட், பகல் 12:50

இதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வலை தரையைத் தொடக் கூடாது. பாத்தி விளிம்பிலிருந்து ஒன்றரை அடிக்குக் கம்பி மெஷ், அதற்கு மேல்தான் வலை. ஊர்ந்து வருவது மெஷ்ஷில் முட்டித் திரும்பிவிடும். தினமும் காலையில் ஒரு சுற்று வந்து பார்க்க வேண்டும். பார்க்க நேரமில்லாதவர் வலை கட்டாமல் இருப்பதே மேல்.

கீரைக்கட்டு, 20 ஆகஸ்ட், மாலை 4:30

எல்லாவற்றையும் மூடிவிட்டால் தேனீ எப்படி வரும்? காய் பிடிக்குமா?

பழையமண்வெட்டி, 20 ஆகஸ்ட், மாலை 6:10

நல்ல கேள்வி. வெண்டை, தக்காளி, மிளகாய், அவரை இவையெல்லாம் தன் பூவிலேயே காய்த்துக்கொள்ளும், காற்றடித்தால் போதும். கத்தரிக்கு வண்டு வந்து உலுக்கினால் கூடுதல் மகசூல்; வராவிட்டால் காலையில் பூவுள்ள கிளையை நீங்கள் சுண்டிவிடுங்கள். அரை அங்குலக் கட்டத்தில் நம் ஊர்த் தேனீ தாராளமாக நுழையும். வலைக்காரத் தம்பி சொன்ன விரல் நுழையாத கண்ணியிலும் நுழைந்துவிடும், தயங்கித் தயங்கி. ஆனால் புடலை, பீர்க்கு, பாகல், சுரை இவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இவற்றை மூடிய பாத்திக்குள் வைக்காதீர்கள், வெளியே பந்தலில் விடுங்கள். பாகற்காயை எந்த அணிலும் கேட்டு வராது.

என் கருத்து ஒன்றும் சொல்லிவிடுகிறேன், ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பீர்கள். கிளிக்கும் அணிலுக்கும் ஒரு செடி தனியாக வெளியே விட்டுவிடுங்கள். அவை இல்லாத தோட்டம் தோட்டமா?

நெட்டுபோல்ட், 20 ஆகஸ்ட், இரவு 9:05

ஐயா, மாதவரத்தில் மரம் நிறைய, உங்கள் அணிலுக்கு வேறு சாப்பாடு இருக்கிறது. எங்கள் வியாசர்பாடிச் சந்தில் இருக்கிற ஒரே பச்சை எங்கள் பாத்திகள்தான். ஒரு செடி விட்டால் அது தின்று முடித்து அடுத்த செடிக்கு வருகிறது. பங்கு கேட்டு வருகிற பங்காளி பாதியோடு நிற்பானா?

பழையமண்வெட்டி, 20 ஆகஸ்ட், இரவு 9:20

நீங்கள் சொல்வதும் நியாயம்தான்.

உப்புக்காற்று (திருவொற்றியூர்), 21 ஆகஸ்ட், காலை 10:00

விலங்கு விஷயம் இல்லை, ஆனாலும் இங்கேயே கேட்கிறேன். இந்த மெஷ் கடற்கரைப் பக்கம் எத்தனை நாள் வரும்? எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் உதிர்கிறது. போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத கரிப்பு. பாத்தி மேல் வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது, அவரை இலை ஓரம் கருகுகிறது.

நெட்டுபோல்ட், 21 ஆகஸ்ட், பகல் 1:45

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் பக்கம் ஜி.ஐ. சீக்கிரம் போய்விடும். எத்தனை வருடம் என்று வாக்கு கொடுக்க மாட்டேன். பிளாஸ்டிக் பூச்சு உள்ள மெஷ் கொஞ்சம் கூட வரும், ஆனால் வெட்டின முனையில் பெயின்ட் அடிக்க வேண்டும், அங்கேதான் துரு பிடிக்க ஆரம்பிக்கும். இல்லையென்றால் அடியில் பழைய செங்கலைப் படுக்கப் போட்டு அடுக்கிவிடுங்கள். இடுக்கு அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது, சிமென்ட் பூசவும் கூடாது. தண்ணீர் இறங்க வழி வேண்டும்.

பழையமண்வெட்டி, 21 ஆகஸ்ட், மாலை 5:30

தண்ணீர் இறங்குவது உங்களுக்கு இன்னும் முக்கியம், திருவொற்றியூர்காரரே. அந்த வெள்ளைப் பூப்பு உப்புதான். தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மேலே தங்கும். ஊற்றுகிற நாளில் அடியில் வடிகிற அளவுக்கு நிறைய ஊற்றுங்கள். வடகிழக்குப் பருவமழை ஒரு தரம் நன்றாகப் பெய்தால் மேட்டுப்பாத்தியின் உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடும். மேட்டுப்பாத்தியில் எனக்குப் பிடித்த விஷயமே அதுதான். அதுவரை அவரை, பீன்ஸ் இனத்தை விடுங்கள், அவை உப்புத் தாங்காது. பாலக், பீட்ரூட் தாங்கும், கத்தரி நடுத்தரம். தென்னை நார்க்கழிவு வாங்கினால் அதையும் மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள், அதிலேயே உப்பு இருக்கும்.

புதுநாற்று (மணலி), 24 ஆகஸ்ட், காலை 11:10

நான் புதிது. கல் கட்டுவதற்குப் பதிலாக, இங்கே பழைய நீல டிரம் மலிவாகக் கிடைக்கிறது. நெடுக்காக அறுத்து, கால் வைத்துப் பாத்தியாக்கலாமா? தரையில் படாததால் பெருச்சாளியும் வராது அல்லவா?

சாரைக்காவல், 24 ஆகஸ்ட், பகல் 12:00

யோசனை நல்லது, டிரம்தான் பிரச்சினை. நம்ம மணலியில் கிடைக்கிற டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று விற்கிறவருக்கே தெரியாது. லேபிள் கிழித்திருந்தால் வாங்காதீர்கள். ஊறுகாய், பழச்சாறு, சமையல் எண்ணெய் வந்த டிரம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். ஒரு தடவை கழுவினால் போகிற சமாச்சாரம் இல்லை அது, பிளாஸ்டிக்குக்குள் ஊறியிருக்கும்.

நெட்டுபோல்ட், 24 ஆகஸ்ட், பகல் 12:40

கால் வைத்தால் ஒவ்வொரு காலிலும் தகரத்தைக் கூம்பு மாதிரி கவிழ்த்து மாட்டுங்கள், எலி ஏறாது. சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள், தாவும்.

அரைகிரவுண்டு, 29 செப்டம்பர், இரவு 9:50

எல்லோருக்கும் நன்றி. வளையை மூடிப் பார்த்தேன். பதினொன்றில் இரண்டுதான் மறுநாள் திறந்திருந்தது, ஐயா சொன்னது அப்படியே. கூண்டில் கருவாடு வைத்ததில் முதல் வாரம் இரண்டு மூஞ்சூறு (விட்டுவிட்டேன்), இரண்டாவது வாரம் ஒரு பெருச்சாளி. அதைப் பார்த்ததும் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிள்ளையார் சதுர்த்தி முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, வாகனத்தைப் பிடித்து வைத்திருக்கிறாயே என்று ஒரே சத்தம்.

முள்ளங்கிப் பாத்தி எப்படியும் காலியாகிவிட்டதால் அதை மட்டும் முழுக்க இறக்கி மெஷ் போட்டோம். நானும் வீட்டுக்காரரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. புதைத்த மீனில் ஒரு முள்கூட மிச்சமில்லை. ஹாலோ பிளாக் ஓட்டையில் நெட்டுபோல்ட் தம்பி சொன்ன மாதிரியே காகிதம், துணி, என் தலைமுடி எல்லாம் சேர்த்துக் கட்டிய கூடு. சிமென்ட் போட்டு மூடியாயிற்று. மேலே முக்கால் அங்குலப் பைப்பை வளைத்துக் காசிமேட்டு வலை, அடியில் ஒன்றரை அடி மெஷ். இன்னொரு பாத்தியில் கத்தரி காய்த்துக்கொண்டிருப்பதால் தொடவில்லை. தை மாதம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அரைகிரவுண்டு, 17 அக்டோபர், காலை 8:30

15ஆம் தேதி மழையில் மறுபடி தண்ணீர். முற்றத்தில் ஒரு அடி நின்றது. பாத்தி ஒன்றரை அடி என்பதால் மேலே வரவில்லை, ஆனால் கல் இடுக்கு வழியாகக் கீழ் மண் ஊறிவிட்டது. இதைவிட ஒரு கூத்து. வளையெல்லாம் மூழ்கியதும் இருக்கிற பெருச்சாளியெல்லாம் மேடு தேடி என் இரண்டாவது பாத்தியில் வந்து ஏறிவிட்டன. ராத்திரி டார்ச் அடித்தால் கத்தரிச் செடிக்கு நடுவில் மூன்று உட்கார்ந்திருக்கின்றன. துரத்தினால் எங்கே போகும், சுற்றிலும் தண்ணீர். பார்த்துக்கொண்டு நின்றோம். வலை போட்ட பாத்திக்கு ஒன்றுமில்லை.

இப்போது அந்தக் காயைச் சாப்பிடலாமா?

பழையமண்வெட்டி, 17 அக்டோபர், காலை 9:10

சாக்கடை ஊறிய பாத்தியில் கீரை, முள்ளங்கி இருந்தால் பிடுங்கிப் போட்டுவிடுங்கள். மேலே தொங்குகிற கத்தரிக்காய் தண்ணீரில் படாமல் இருந்தால், பெருச்சாளி உட்கார்ந்த இடத்துக் காயைத் தவிர்த்து, நன்றாகக் கழுவி வேகவைத்துச் சாப்பிடலாம். பச்சையாக எதுவும் வேண்டாம். வெறுங்கையால் மண்ணைத் தொடாதீர்கள், காலில் பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். எலிக் காய்ச்சல் அதன் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாகத்தான் வரும், காலில் சின்ன வெடிப்பு போதும். யாருக்காவது காய்ச்சல், கெண்டைக்கால் வலி என்றால் டாக்டரிடம் வெள்ளத்தில் நின்றதையும் சொல்லுங்கள். குழந்தையை ஒரு வாரம் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

சாரைக்காவல், 17 அக்டோபர், காலை 9:35

தண்ணீர் வடிகிற இந்த நாட்களில்தான் பாம்பும் மேடு தேடும். கல் இடுக்கில் கை விடாதீர்கள்.

உப்புக்காற்று, 11 நவம்பர், இரவு 8:15

வெள்ளைப் பூப்பு போய்விட்டது. ஐயாவுக்கு நன்றி. ஆனால் இப்போது உள்ளங்கை அளவு நத்தை, ஒரே ராத்திரியில் நாற்று முழுக்க மொட்டை. உப்புப் போட்டால் சாகும் என்கிறார்கள்.

கீரைக்கட்டு, 11 நவம்பர், இரவு 8:40

உப்பைக் கழுவி இறக்க மூன்று மாதம் பாடுபட்டுவிட்டு மறுபடி உப்பா! பாத்தியில் போடாதீர்கள். ஈரச் சாக்கும் பப்பாளி இலையும் ஓரமாகப் போட்டு வையுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச்சோடு போனால் அதன் அடியில் கூட்டமாக இருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி, தனியாக ஒரு பக்கெட் உப்புத் தண்ணீரில் போடுங்கள். ஆப்பிரிக்க நத்தை அது. மூளையைப் பாதிக்கிற ஒரு புழு அதில் இருக்கலாம், வெறுங்கையால் தொட வேண்டாம், குழந்தைகள் விளையாட எடுக்க வேண்டாம். கீரையைப் பிரித்துப் பிரித்துக் கழுவுங்கள். நான் இரண்டு வாரம் தொடர்ந்து பொறுக்கினேன், முதல் நாள் ஐம்பதுக்கு மேல், கடைசி நாள் மூன்று.

அரைகிரவுண்டு, 19 ஜனவரி 2025, மாலை 5:00

பொங்கலுக்கு எங்கள் கத்தரிக்காய், எங்கள் அவரைக்காய் போட்டே குழம்பு வைத்தோம். கணக்குச் சொல்கிறேன். மெஷ் போட்ட பாத்தியில் அக்டோபர் முதல் வாரம் விதைத்த முள்ளங்கியை மழை கெடுத்துவிட்டது, ஐயா சொன்னபடி பிடுங்கிப் போட்டேன். நவம்பர் கடைசியில் மறுபடி விதைத்ததில் இதுவரை இருபத்தியேழு கிழங்கு எடுத்தாயிற்று, ஒன்றில்கூடக் கடி இல்லை. மெஷ் போடாத பாத்தியில் அதே நாளில் ஒரு ஓரமாக விதைத்ததில் நான்குதான் தேறின. தக்காளியில் அணில் இன்னும் வருகிறது; வலையில் ஒரு மூலையைக் கடித்து ஓட்டை போட்டிருக்கிறது, ஆனால் ஓட்டை போட்டது அந்த ஒரு இடத்தில்தான், அங்கே ஒரு தகரத் துண்டை வைத்துக் கட்டியிருக்கிறேன். கிளிக்கு ஐயா சொன்னபடி மிளகாய்ச் செடி ஒன்றை மதில் ஓரம் விட்டிருக்கிறேன். வீட்டுக்காரருக்கு இதில் உடன்பாடு இல்லை.

போன வாரம் மதில் ஓட்டையிலிருந்து நீளமாக ஒரு சாரை இறங்கிப் போனது. மாமியார் ஊரைக் கூட்டுவதற்குள் அது இரண்டாவது பாத்திக்கு அடியில் உள்ள வளைக்குள் போய்விட்டது. அதனால் அந்தப் பாத்தியை இந்தத் தையில் பிரிப்பதா வேண்டாமா என்று குழப்பம்.

சாரைக்காவல், 19 ஜனவரி, மாலை 5:20

ஒரு மாதம் விட்டுப் பிடியுங்கள் அக்கா. அது வேலையை முடித்துவிட்டுத் தானாகப் போய்விடும்.

நெட்டுபோல்ட், 19 ஜனவரி, இரவு 9:10

மாசியில் பிரிக்கிறபோது சொல்லுங்கள், மெஷ்ஷை அளவு பார்த்து வெட்டி எடுத்து வருகிறேன். போன தடவை 12 அடி வாங்கினதில் மூன்றடி மிச்சம் இருக்குமே, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அரைகிரவுண்டு, 19 ஜனவரி, இரவு 9:25

அது இப்போது மாவாட்டுகிற இடத்து ஜன்னலில் இருக்கிறது தம்பி. அணில் சமையலறைக்கும் வர ஆரம்பித்துவிட்டது.